ஆட்டை ஏன் அவிழ்த்து விட்டீர்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். இன்றைக்கு வீடியோ கேம் பற்றி எழுதப் போகிறேன். "ரிட்டயர் ஆனதும் டீச்சருக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான். நான் கோபத்தில் எழுதுகிறேன். பத்து நாளாக அடக்கி வைத்த கோபம்.

முதலில் கதை.

1999 மே மாதம். என் மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தான். கணக்கில் 38 மார்க். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் வீட்டுப் பையன் 38. அந்த விடைத்தாளைப் பார்த்த அன்று நான் அவன் மேல் கை ஓங்கிவிட்டேன். அதன்பிறகு அவன் என்னோடு பேசவில்லை. "சாப்பிடுறியா?" "ம்." அவ்வளவுதான் எங்கள் வீட்டுப் பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி இரண்டு சிடி கொடுத்துவிட்டுப் போனான். 'ப்ரோக்கன் ஸ்வோர்ட்' என்று ஒரு கேம். இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் உள்ள ரெவல்யூஷன் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 1996-ல் வெளியிட்டது. சார்லஸ் செசில் என்பவர் அதன் தலைமை. பி.எஃப். கடன் போட்டு வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. இன்டர்நெட் கிடையாது.

இந்த மாதிரி கேமில் சுடுவது, குத்துவது, கார் ஓட்டுவது எதுவும் முக்கியமில்லை. திரையில் அழகாக வரைந்த ஒரு படம் இருக்கும். மவுஸை நகர்த்தி, பார்க்க வேண்டியதைக் க்ளிக் செய்து பார்க்க வேண்டும். கிடைத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எதிர்ப்படுகிற ஆளிடம் பேச வேண்டும். எந்தப் பொருளை எங்கே பயன்படுத்தினால் கதவு திறக்கும் என்று யோசிக்க வேண்டும். யோசித்தால்தான் கதை அடுத்த இடத்துக்குப் போகும். இல்லாவிட்டால் அப்படியே நிற்கும்.

கதை பாரிஸில் ஒரு காபிக் கடையில் ஆரம்பிக்கும். கோமாளி வேஷத்தில் வருகிற ஒருவன் குண்டு வைத்துவிட்டு ஓடுவான். ஜார்ஜ் ஸ்டோபார்ட் என்ற அமெரிக்க இளைஞன் உயிர் தப்பி, "ஏன் இது நடந்தது" என்று தேடிக்கொண்டு போவான். நீக்கோ என்ற பத்திரிகைக்காரப் பெண் கூட வருவாள். வெள்ளைக்காரர்கள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியாது. கீழே எழுத்து ஓடும். லிப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மகனுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அவன் என்னிடம் அர்த்தம் மட்டும் கேட்பான். அதுவே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அப்புறம் அயர்லாந்து வந்தது. லாக்மார்ன் என்று ஒரு கற்பனைக் கிராமம். இடிந்த கோட்டை. கோட்டைக்குள் கீழே இறங்க ஓர் ஏணி. ஏணிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டிப்போட்ட ஒரு ஆடு.

அந்த ஆட்டை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கேம் ஆடுகிறவர்கள் மத்தியில் உலகம் முழுக்கப் பேர் போன ஆடு அது. ஜார்ஜ் ஏணிப் பக்கம் போனால் ஓடி வந்து முட்டும். அவன் குப்புற விழுவான். எழுந்து மறுபடி போனால் மறுபடி முட்டும். கையில் இருக்கிற எதைக் காட்டினாலும் முட்டும்.

ஒன்பது நாள் முட்டியது.

ஒன்பது நாளும் என் மகன் என்னோடு பேசினான். சாப்பிடும்போது ஆடு. தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஆடு. "எம்மா, அது ஏன் கட்டிப்போட்டிருக்கு? சும்மா விட்டிருக்கலாம்ல?" என்று ராத்திரி பதினோரு மணிக்கு இருட்டில் கேட்பான். கரண்ட் இல்லாத நேரத்தில் காகிதத்தில் கோட்டையை வரைந்து வைத்துக்கொண்டு யோசித்தோம்.

ஏழாம் நாள் என் மாமியார் வெற்றிலை மென்றுகொண்டே வந்து திரையைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நாற்பது வருஷம் ஆடு மேய்த்தவர். "என்னத்தா இது, இவன் ஆட்டுக்கிட்ட அடி வாங்கிட்டே இருக்கான்? கயித்த நீளமா விட்டா இப்படித்தான். கயிறு எதுலயாவது சிக்கிச்சுன்னா அது நின்ன இடத்துல நிக்கும்" என்று சொல்லிவிட்டுத் துப்பப் போய்விட்டார்.

நானும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படத்தின் ஓரத்தில் ஒரு பழைய உழவுக் கருவி கிடந்தது. ஏழு நாளாக அதை நாங்கள் சும்மா கிடக்கிற இரும்பு என்று நினைத்திருந்தோம். அதை நகர்த்தி வைத்தால் கயிறு அதில் சிக்கும். ஆனால் நகர்த்தப் போனாலும் ஆடு முட்டியது. இன்னும் இரண்டு நாள். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் பையன் கத்தினான். ஆடு முட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பும் அந்தச் சின்ன இடைவெளியில், விழுந்து எழுகிற நொடியிலேயே, கருவியைக் க்ளிக் செய்ய வேண்டும். அவ்வளவுதான். ஆடு சிக்கிக்கொண்டு நின்றது.

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். விடைத்தாளுக்கு அப்புறம் முதல் தடவை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

அந்தக் கேமை இரண்டு தடவை புதுப்பித்திருக்கிறார்கள். 2009-ல் நின்டெண்டோவின் வீ, டிஎஸ் கன்சோல்களுக்காக முதலில். 'டைரக்டர்ஸ் கட்' என்று பெயர். நீக்கோவுக்கு ஆரம்பத்தில் புதிதாக ஒரு பகுதி சேர்த்தார்கள். பேசுகிறவர்களின் முகங்களை டேவ் கிப்பன்ஸ் வரைந்தார். 'வாட்ச்மென்' சித்திரக் கதைக்கு வரைந்தவர் அவர். நல்ல வேலைதான். கூடவே குறிப்புச் சொல்கிற வசதியை உள்ளே வைத்தார்கள். ஆட்டையும் எளிதாக்கிவிட்டார்கள். 2024-ல் இப்போதைய பெரிய திரைகளுக்காக 'ரீஃபோர்ஜ்ட்' என்று மறுபடி. படங்களையெல்லாம் புதிதாக்கி, ஒரு பட்டனைத் தட்டினால் பழைய படம், மறுபடி தட்டினால் புதிய படம் என்று வைத்தார்கள். விளையாடுவதற்கும் இரண்டு முறை வைத்தார்கள். பழைய மாதிரியே ஆடுவது ஒன்று. கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போகிற 'ஸ்டோரி' முறை இன்னொன்று.

போன மாதம் மகன் சென்னையிலிருந்து போன் செய்தான். "எம்மா, நம்ம ஆடு திரும்பி வந்திருக்கு. வாங்கிட்டேன்." எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். பேரனுக்குப் பத்து வயது. அவனோடு உட்கார்ந்து அந்த ஆட்டிடம் ஒன்பது நாள் அடி வாங்க வேண்டும் என்று பஸ் ஏறிப் போனேன்.

வாசலிலேயே சொன்னான். "பாட்டி, அந்த ஆடு ஈஸி பாட்டி. அஞ்சு நிமிஷம்தான்."

மகன்தான் அந்த நடத்திக் கூட்டிப்போகிற முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறான். "இல்லேன்னா போர் அடிக்குதுன்னு விட்டுருவான்மா."

பிள்ளைகளா, ஒரு விடுகதைக்கு ஒருமுறை விடை தெரிந்துவிட்டால், அந்த ஆளுக்கு அந்த விடுகதை அதோடு முடிந்தது. திரும்பக் கொடுக்க முடியாது. என் பேரனுக்கு இனிமேல் அந்த ஆடு இல்லை. நான் இருபத்தைந்து வருஷமாக அவனுக்காக எடுத்து வைத்திருந்த ஒன்றை அஞ்சு நிமிஷத்தில் அவிழ்த்து விட்டுவிட்டார்கள்.

இதை நம் பழைய மாணவன் ஒருவனிடம் போனில் சொல்லி அழாத குறையாகப் புலம்பினேன். அவன் பெங்களூரில் கேம் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறான். பேர் சொல்ல மாட்டேன், 2004 செட். அவன் சிரித்தான். "டீச்சர், நாங்களே ஒரு பழைய கேமை இப்ப புது கன்சோலுக்கு ரீமேக் பண்றதப் பத்திப் பேசிட்டு இருக்கோம். கஷ்டமான இடத்தையெல்லாம் எடுத்துருவோம். இப்ப யாருக்கும் நேரம் இல்ல. மாட்டிக்கிட்டா மூடிட்டுப் போயிருவாங்க. அப்படியும் நிக்கிறவன் நெட்ல விடையப் பாத்துருவான். அப்புறம் எதுக்கு டீச்சர் அந்தக் கஷ்டம்?"

தம்பி, உனக்குத்தான் இந்தப் பதிவு. மற்றவர்கள் சாட்சி.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். பழைய கேம் என்பதால் அதில் உள்ள எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. 1999-ல் வந்த 'கேப்ரியல் நைட்' மூன்றாம் பாகத்தில் பூனை முடியை எடுத்து மீசை செய்ய வேண்டும். எதற்கு? இன்னொரு ஆளைப் போல வேஷம் போட. அந்த ஆளுக்கு மீசையே கிடையாது! இதை எந்தப் பிள்ளையும் யோசித்துக் கண்டுபிடிக்காது. அது கேள்வியே இல்லை, அது கேள்வித்தாளில் அச்சுப் பிழை. 'மங்கி ஐலண்ட்' செய்த ரான் கில்பர்ட், 1989-லேயே, இந்த வகைக் கேம்களில் உள்ள அநியாயங்களைத் திட்டி ஒரு கட்டுரை எழுதியவர். செய்தவர்களுக்கே தெரிந்த குறைதான்.

ஆட்டிலும் ஒரு குறை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அது வரைக்கும் அந்தக் கேமில் அவசரமாக ஒன்றைச் செய் என்று யாரும் கேட்டதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். திடீரென்று ஆட்டிடம் மட்டும் நொடிக் கணக்கு. பாடம் நடத்தாமல் பரீட்சையில் கேட்ட மாதிரி.

ஆனால் தம்பி, பாடம் நடத்தாமல் கேள்வி கேட்டுவிட்டால் ஒரு நல்ல வாத்தியார் என்ன செய்வார்? அடுத்த வருஷம் அந்தப் பாடத்தை நடத்துவார். கேள்வியை அடித்துவிட மாட்டார். ஆட்டுக்கு முன்னால், பாரிஸிலேயே, சின்னதாக ஓர் இடத்தில், "இங்கே சட்டென்று செய்தால் ஒன்று நடக்கும்" என்று ஒரு தடவை காட்டியிருக்கலாம். ஒரு நாய், ஒரு கதவு, ஏதோ ஒன்று. அதைப் பார்த்தவன் ஆட்டிடம் வரும்போது தானே யோசிப்பான். புதுப்பிக்கிறவன் செய்ய வேண்டிய வேலை அதுதான். அது கஷ்டமான வேலை. கேள்வியை அடித்துவிடுவது சுலபமான வேலை. நீங்கள் சுலபமானதைச் செய்துவிட்டு, பிள்ளைகளுக்காகச் செய்தோம் என்கிறீர்கள்.

கன்சோலில் மவுஸ் இல்லை, பட்டனை வைத்து அவ்வளவு வேகமாகச் செய்ய முடியாது என்பாய். சரி. கை நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், என்னை மாதிரி கண் மங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த நொடியை நீட்டிக் கொடு. நான் வேண்டாம் என்றா சொல்வேன்? பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறோம். எழுதுவதற்கு ஆள் கூடக் கொடுக்கிறோம். ஆனால் அந்த ஆள் விடை சொல்லக் கூடாது. சொன்னால் அது உதவி இல்லை, அவமானம். "உனக்கு யோசிக்க வராது" என்று சொல்கிற அவமானம்.

யாருக்கும் நேரம் இல்லை என்றாய். என் மகனுக்கும் இல்லை. ராத்திரி அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஆனால் நாங்கள் ஒன்பது நாளும் கம்ப்யூட்டர் முன்னாலா உட்கார்ந்திருந்தோம்? பாதி நாள் கரண்டே இல்லை. ஆடு எங்கள் மண்டைக்குள் இருந்தது. நான் வெங்காயம் நறுக்கும்போது இருந்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம், ஆபீஸ் போகலாம். நேரம் இல்லாதவனுக்கு இதைவிடச் சிக்கனமான பொழுதுபோக்கு உண்டா, சொல்.

மாட்டிக்கொண்டால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்றாய். போவார்கள். என் வகுப்பிலும் போனார்கள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். வருகிறவரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லாத வருஷங்களில்தான் நான் மோசமான டீச்சராக இருந்தேன்.

நெட்டில் விடையைப் பார்த்துவிடுவான் என்றாய். பார்க்கட்டும். அது அவன் முடிவு. எழுந்து போய்த் தேடுகிறவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். அது வேறு, அவன் கேட்காமலேயே பின்னால் நின்று காதில் ஓதுவது வேறு. அந்த ரான் கில்பர்ட்டே 2022-ல் 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' செய்தபோது எப்படிச் செய்தார் என்று பார். குறிப்புப் புத்தகம் ஒன்றைக் கேமுக்குள்ளேயே வைத்தார். அது தானாக வாயைத் திறக்காது. நீ திறந்து கேட்க வேண்டும். கேட்டாலும் முதலில் லேசாகச் சொல்லும். மறுபடி கேட்டால்தான் இன்னும் கொஞ்சம். நல்ல வாத்தியார் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி. எளிதான முறை வேண்டுமென்றால் அதையும் தனியாக வைத்தார். 1991-ல் வந்த இரண்டாம் பாகத்திலேயே புதிர்கள் குறைந்த எளிய ஆட்டம் தனியாக உண்டு. புதியவனுக்கு ஒரு வாசல், பழைய வாசலும் அடைபடவில்லை.

1993-ல் வந்த 'டே ஆஃப் தி டென்டக்கிள்' என்ற கேமை 2016-ல் புதுப்பித்தவர்கள் படத்தைக் கழுவித் துடைத்தார்கள், ஒலியைத் தெளிவாக்கினார்கள், பழைய தோற்றத்துக்கு ஒரு பட்டனில் திரும்பலாம் என்று வைத்தார்கள். புதிர்களில் கை வைக்கவில்லை. அதையும் ஜனங்கள் ஆடத்தானே செய்தார்கள்? வீட்டுக்கு வெள்ளையடி. ஓட்டை மாற்று. கரண்ட் இழு. தூணைப் பிடுங்காதே. இந்த வகைக் கேமில் புதிர்தான் தூண். அதைப் பிடுங்கினால் மிச்சம் இருப்பது நீளமான சினிமா. அதற்குக் கன்சோல் எதற்கு?

2024-ல் ரெவல்யூஷன்காரர்கள் இரண்டு முறையையும் வைத்தது நேர்மை. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை ஒரே வாசலை மட்டும் வைத்துவிட்டு, பழையதை இனி யாருக்கும் வேண்டாம் என்று மூடப் பார்க்கிற உன் கம்பெனிப் பேச்சோடு. அதைவிடப் பெரிய சண்டை, இரண்டு வாசல் இருந்தும் பிள்ளையைக் கேட்காமல் சுலபமான வாசல் வழியாகத் தள்ளிவிட்ட என் சொந்த மகனோடு. ஆம், மகனே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன்னை யாராவது அஞ்சு நிமிஷத்தில் கூட்டிப்போயிருந்தால் நீயும் நானும் இன்றைக்கு எப்படி இருந்திருப்போம் என்று யோசி.

கடைசியாக என் பழைய மாணவர்களுக்கு ஒன்று.

உங்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமைக் கணக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் போர்டில் ஒன்று எழுதிப் போடுவேன். திங்கட்கிழமை வரை விடை சொல்ல மாட்டேன். சிலர் என்னைத் திட்டிக்கொண்டே போவீர்கள். ஒருத்தி திங்கட்கிழமை காலையில் பிரேயருக்கு முன்னாலேயே ஓடி வந்து மூச்சு வாங்க விடை சொன்னாள். அது 1999 ஜூனில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் என்னிடம் படித்தவர்களுக்கு அது கிடையாது. போர்ஷன் முடிக்க வேண்டும், ஆய்வுக்கு ஆள் வருவார்கள் என்ற பயத்தில், கேள்வியை எழுதி, கையோடு விடையையும் எழுதி, "காப்பி பண்ணுங்கடா" என்று சொல்லி வந்தவள் நான். பதினாறு வருஷம். அந்தப் பதினாறு வருஷத்துப் பிள்ளைகளிடம் இந்தப் பதிவின் வழியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்துப் பட்டயம் வாங்கியும் எனக்குப் புரியாததை அயர்லாந்து ஆடு ஒன்று முட்டிப் புரிய வைத்தது.

அதனால்தான் தம்பி, உன் கம்பெனிக்காரர்களிடம் போய்ச் சொல். கஷ்டத்தை எடுத்துவிடுகிறோம் என்று நீங்கள் சொல்கிற இடத்தில்தான் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்கிறார்கள். அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

சென்னையிலிருந்து கிளம்புகிற அன்று பேரனைக் கூப்பிட்டு ஒரு கணக்குப் போட்டுவிட்டு வந்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆற்றின் இந்தக் கரையில் புலி, ஆடு, புல்லுக்கட்டு. படகில் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் ஏற்றலாம். தனியாக விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். இன்றோடு நாலு நாள். நேற்று ராத்திரி தூங்கப் போகிற நேரத்தில் போன் செய்தான். "பாட்டி, ஆட்டை முதல்ல கொண்டுபோய் விட்டுட்டேன். அதுக்கு அப்புறம் எதக் கொண்டு போனாலும் வம்பா இருக்கு பாட்டி. ஒரே ஒரு க்ளூ?"

சொல்லவில்லை. "யோசிடா கண்ணு, பாட்டி லைன்லயே இருக்கேன்" என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அவன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கமென்ட்டில் யாரும் விடையை எழுதக் கூடாது. அவன் அப்பாவின் போனில் இதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். எழுதினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன், வயசு நாற்பதானாலும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்